கெம்பஸ் போகும் மலையகத் தம்பி தங்கைகளுக்கு ஒரு முதல் வருட வழிகாட்டி

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஒரு தங்கச்சி அண்மையில் எனக்குப் போன் எடுத்தார். விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். அவர்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை அவர்தான். நான் வாழ்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்: "அண்ணா, அங்க போனா எப்ப என்ன படிக்கணும்னு யாரு சொல்லுவாங்க?"

யாரும் சொல்லமாட்டார்கள் என்றேன். பாடசாலைக்கும் கெம்பஸுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இதுதான். பாடசாலையில் மணி அடிக்கும், டீச்சர் வருவார், பாடம் முடியாவிட்டால் சனிக்கிழமை மேலதிக வகுப்பு வைப்பார். நாம் நாலு நாள் போகாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவார். கெம்பஸில் ஒரு மாதம் லெக்சருக்குப் போகாவிட்டாலும் ஒருவரும் தேடி வரமாட்டார்கள். ஆனால் நாம் போய்க் கேட்டால் பெரும்பாலானவர்கள் மனதோடு உதவுவார்கள்.

அந்தக் கேட்பதுதான் நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது, தோட்டத்து ஒபிசுக்குப் போனால் கூப்பிடும்வரை வெளியே நிற்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். நானும் அந்தப் பழக்கத்தோடேயே போய், முதல் வருடத்தில் பெரும்பகுதியை வாய் திறக்காமலே கழித்தேன். அந்த வருடம் உங்களுக்கு அப்படிப் போகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. காத்திருக்கும் மாதங்களை விட்டுவிடாதீர்கள்

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடித்து, கெம்பஸ் வாசலில் கால் வைக்கும்வரை பல மாதங்கள் போகும். சில பெச்சுகளுக்கு (ஒன்றாகச் சேரும் மாணவர் அணிகளுக்கு) ஒரு வருடத்தையும் தாண்டியிருக்கிறது. இந்த இடைவெளியில் நம் பிள்ளைகள் பலர் கொழும்பில் கடை வேலைக்குப் போகிறார்கள். வீட்டு நிலைமை அப்படி, போவதில் தப்பே இல்லை. நானும் போனேன். ஆனால் நாளுக்கு ஒரு மணி நேரத்தை மட்டும் உங்களுக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் ஆங்கிலத்துக்கு.

மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், விவசாயம் எல்லாம் ஆங்கில மொழியில்தான். பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் எல்லாப் பட்டப் படிப்பும் ஆங்கிலத்தில்தான். பேராதனைக் கலைப்பீடத்தில் தமிழ் மொழியில் படிக்க வழி இருக்கிறது. அங்கேயும் வாசிக்கச் சொல்லும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலம்.

இதற்காக இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்தில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். பத்தாம் நாள் கைவிடுவீர்கள். உங்கள் ஏ.எல். நோட்ஸை எடுங்கள். ஒரு கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள். முதல் நிரலில் நீங்கள் படித்த தமிழ்ச் சொல், இரண்டாவதில் அதற்கான ஆங்கிலச் சொல், மூன்றாவதில் அதை வைத்து ஒரு சிறு ஆங்கில வசனம். ஆர்முடுகல் என்று இரண்டு வருடம் எழுதினோமே, அதை அங்கே எக்சலரேஷன் என்பார்கள். உந்தம் மொமென்டம் ஆகும். வகையீடு டிஃபரன்சியேஷன், தொகையீடு இன்டகிரேஷன், ஒளித்தொகுப்பு ஃபொட்டோசிந்தசிஸ், பிரசாரணம் ஒஸ்மோசிஸ். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் என்றால் மூன்று மாதத்தில் 900 சொல். முதல் செமஸ்டரைத் தாங்க அது தாராளமாகப் போதும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு நடந்தது இது. இரண்டாவது வாரம் ஓர் இரசாயனவியல் லெக்சர். சேர் ஒரு மணி நேரத்தில் இருபது தடவையாவது 'ஈக்குவிலிப்ரியம்' என்றார். எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருப்பவனிடம் கேட்கவும் கூச்சம். காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். இரவு ஹொஸ்டலில் அகராதியைப் புரட்டினால், சமநிலை என்று போட்டிருக்கிறது. ஏ.எல்.லில் எனக்கு மிகப் பிடித்த அலகு இரசாயனச் சமநிலைதான். தெரிந்த விஷயத்தை ஒரு மணி நேரம் தெரியாதவனைப் போல உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நம் பிள்ளைகள் பலருக்கு முதல் செமஸ்டரில் நடப்பது இதுதான். விஷயம் தெரியும், அதன் பெயர் தெரியாது. தெரியாத பெயரைக் கேட்டதும், நமக்கு மூளையே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அப்புறம் கம்பியூட்டர். பெரிய கோர்ஸ் எதுவும் தேவையில்லை. ஒரு பக்கம் டைப் பண்ணத் தெரிய வேண்டும், ஒரு அட்டவணை போடத் தெரிய வேண்டும், ஈமெயிலில் ஃபைல் இணைத்து அனுப்பத் தெரிய வேண்டும். டவுனில் யாராவது சொந்தக்காரரின் கடையில் கம்பியூட்டர் இருந்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடலாம்.

2. பேப்பர் வேலை

தோட்டப் பிள்ளைகளுக்குத்தான் இதில் அதிகம் சிக்கல். முதலில் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், ஏ.எல். சான்றிதழில் மூன்றாவது விதம் என்று ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டுக் கிடப்பது நம்மிடையே சாதாரணம். மூன்றையும் இன்றே மேசையில் அடுக்கி வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, திருத்தவோ உறுதிப்படுத்தவோ வேண்டியதை இப்போதே தொடங்குங்கள். பதிவு நாளுக்கு முந்திய வாரம் ஓடித் திரிந்தால் சரிவராது.

இரண்டாவது முகவரி. லயத்துக்கு வரும் கடிதம் தோட்டக் காரியாலயத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கடிதத்தை நம்பி இருக்காதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தை நீங்களே வாரத்துக்கு இரண்டு முறை பாருங்கள். உங்கள் சொந்தப் பெயரில் ஓர் ஈமெயில் வைத்துக்கொண்டு அதையும் பாருங்கள். கொடுத்த திகதிக்குள் பதிவு செய்யாவிட்டால் கிடைத்த இடம் போய்விடும். நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் இந்தப் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரித்த காலத்தில் இருந்து நம் பிள்ளைகள் பலர் அந்த வழியால் உள்ளே போயிருக்கிறார்கள். 'கோட்டாவில வந்தவங்க' என்று யாராவது சொன்னால் தலை குனிய வேண்டாம். ஆய்வுகூடமே இல்லாத பாடசாலையில் படித்து எடுத்த புள்ளி அது.

மஹாபொல, பர்சரி என்ற இரண்டு உதவிப் பணங்களுக்கும் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டிவரும். அம்மா அப்பாவின் சம்பளத் துண்டுகளைக் கசக்கி எறியாமல் சேர்த்து வையுங்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து வையுங்கள். எல்லாச் சான்றிதழிலும் பத்துப் பத்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

3. இருக்கும் இடம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வருடத்தில் ஹொஸ்டல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், போடிங்கில் தனியாக இருப்பதைவிடப் பல மடங்கு நல்லது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பேராதனை ஏறக்குறைய 500 மீற்றரில்தான். நாலு ஸ்வெட்டர் அடுக்கிக்கொண்டு போகாதீர்கள், ஒன்று போதும். அதற்குப் பதிலாக ஒரு நல்ல மேசை விளக்கும் காதை அடைக்கப் பஞ்சும் கொண்டு போங்கள். ஹொஸ்டல் அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்கமாட்டார்கள்.

4. முதல் இரண்டு வாரமும் பகிடிவதையும்

அறிமுக நிகழ்ச்சிகளில் பீடத்தின் கைநூல் ஒன்று தருவார்கள், அல்லது இணையத்தளத்தில் இருக்கும். யாரும் அதை வாசிப்பதில்லை. நீங்கள் வாசியுங்கள். எத்தனை சதவீதம் வருகை வேண்டும் (பல பீடங்களில் 80), பாடத்தை மாற்றக் கடைசி நாள் எது, பரீட்சைக்கு வர முடியாமல் நோய் வந்தால் எத்தனை நாளுக்குள் மருத்துவச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எப்படித் தெரிவு செய்கிறார்கள் என்று நாலு கேள்விக்குப் பதிலைத் தேடி எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள்.

பகிடிவதை (ரேகிங்) பற்றி நேராகவே சொல்கிறேன். 1997 இல் பேராதனை பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவர் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். அடுத்த வருடம் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி பகிடிவதை ஒரு குற்றம், இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து வருடம் வரை. 'எல்லாரும் பட்டதுதானே, பட்டால்தான் பெச்சோட ஒட்டும்' என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். யாராவது உங்களை மண்டியிடச் சொன்னால், உடுப்பைப் பற்றி, ஊரைப் பற்றி, தோட்டத்தைப் பற்றிக் கேவலமாகப் பேசினால், மாணவர் ஆலோசகரிடமோ ஹொஸ்டல் வார்டனிடமோ சொல்லுங்கள். அங்கே சொல்லப் பயமாக இருந்தால் மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரடியாக முறையிடலாம். நடந்த திகதி, நேரம், இடத்தை அன்றே போனில் எழுதி வையுங்கள்.

அதற்காக எல்லா சீனியரையும் கண்டு ஒதுங்கவும் வேண்டாம். உங்களை மதித்துப் பேசும் அண்ணாமாரும் அக்காமாரும் ஒவ்வொரு பீடத்திலும் இருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிப்பது முதல் மாதத்தின் பெரிய வேலை. பேராதனையில் என்றால் குறிஞ்சிக் குமரன் கோயில் பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். நம் ஆட்களைக் காணலாம்.

5. லெக்சரில் உட்காரும் விதம்

பாடசாலையில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினோம். எழுதியதைப் பாடமாக்கினோம். பரீட்சையில் திருப்பி எழுதினோம். இங்கே சேர் ஸ்லைடைக் காட்டிப் பேசிக்கொண்டே போவார். ஸ்லைடில் இருப்பது தலைப்புகள் மட்டும். விஷயம் அவர் வாயில் இருக்கிறது, மீதி புத்தகத்தில் இருக்கிறது. ஸ்லைடை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டிருந்தால் பேச்சை விட்டுவிடுவீர்கள். ஸ்லைடுகள் பெரும்பாலும் பிறகு கைக்கு வந்துவிடும்.

நான் இரண்டாம் வருடத்தில்தான் ஒரு முறையைப் பிடித்தேன், அதைச் சொல்கிறேன். கொப்பியைத் திறந்தால் இரண்டு பக்கம் தெரியும் அல்லவா? லெக்சரில் இடது பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். அதுவும் மூன்று விஷயம்தான்: சேர் சொன்ன உதாரணங்கள், அவர் அழுத்திச் சொன்ன வசனங்கள், உங்களுக்கு விளங்காத சொற்கள். விளங்காத சொல்லைக் காதில் விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி ஒரு நட்சத்திரம் போடுங்கள். வலது பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.

அன்று பின்னேரமே, சாப்பிடப் போவதற்கு முன், வலது பக்கத்தை நிரப்புங்கள். ஸ்லைடையும் இடது பக்கத்தையும் பார்த்து, அன்று கேட்டதை உங்கள் சொந்த வசனத்தில் எழுதுங்கள். முதல் மாதம் தமிழிலேயே எழுதலாம். தமிழில் விளங்கியது உண்மையாக விளங்கியது. ஐந்தாவது வாரத்தில் இருந்து கடைசிப் பந்தியை மட்டும் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்குங்கள், ஏனென்றால் பரீட்சையில் விடை அந்த மொழியில்தான். நட்சத்திரம் போட்ட சொற்கள் மூன்று நிரல் கொப்பிக்குப் போகட்டும். ஒரு லெக்சருக்கு நாற்பது நிமிடம் போதும். இதை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் நாற்பது நிமிட வேலை மூன்று மணி நேரமாகும், ஒரு மாதம் தள்ளிப்போட்டால் இடது பக்கத்தில் என்ன எழுதினோம் என்பதே நமக்கு விளங்காது.

உட்காருவது முதல் மூன்று வரிசைக்குள். நம் பிள்ளைகள் கூட்டமாகக் கடைசி வரிசையில் போய் உட்காருவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். பழகாத மொழியைப் பின்னால் இருந்து கேட்டால் பாதி காதில் விழாது.

6. ஒரு கிரெடிட் என்றால் எவ்வளவு உழைப்பு

இலங்கையின் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் சுமையை அளக்கும் அலகு) 50 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். லெக்சர், செயன்முறை, நாமாகப் படிப்பது, பரீட்சை எல்லாம் அந்த 50க்குள் அடங்கும். வருடத்துக்கு 30 கிரெடிட், மூன்று வருடப் பட்டத்துக்கு 90, நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஆக ஒரு செமஸ்டருக்கு 15 கிரெடிட், அதாவது 750 மணி நேரம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 50 மணி நேரம்.

அம்மா காலையில் மலைக்குப் போய்ப் பின்னேரம் கொழுந்து நிறுத்து இறங்குகிறார். அப்படி வாரத்தில் ஆறு நாள் முழுப்பேர் (முழு நாள் வேலை) போடுகிற உழைப்பு ஏறக்குறைய இந்த 50 மணி நேரத்துக்குச் சமம். டைம் டேபிளில் லெக்சர் இருபது மணி நேரம்தான் இருக்கும். அதைப் பார்த்து 'கெம்பஸ்ல நிறைய ஃப்ரீ' என்று நினைத்துவிடுகிறோம். மீதி முப்பது மணி நேரத்தை யாரும் டைம் டேபிளில் போட்டுத் தரமாட்டார்கள். நீங்களே போட வேண்டும். ஞாயிறு இரவு ஒரு தாளை எடுத்து, வரும் வாரத்தின் வெறும் மணி நேரங்களில் எந்தப் பாடம், எங்கே இருந்து படிப்பது என்று எழுதுங்கள். 'படிப்பு' என்று மட்டும் எழுதினால் நடக்காது. 'செவ்வாய் 2 முதல் 4 வரை, நூலகம், தொகையீட்டுக் கணக்கு' என்று எழுதினால் நடக்கும்.

இன்னொரு பெரிய வித்தியாசம். பாடசாலையில் தவணைப் பரீட்சையில் எவ்வளவு எடுத்தாலும் அது ஏ.எல். பெறுபேற்றில் சேராது. கடைசி ஆறு மாதம் விழுந்து விழுந்து படித்துக் கரை சேர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இங்கே அது எடுபடாது. மூன்றாவது வாரத்துச் சின்ன டெஸ்ட்டும், அசைன்மென்ட்டும், இடைப் பரீட்சையும் இறுதிப் புள்ளியில் சேர்கின்றன. பாடத்துக்குப் பாடம் தரம் போட்டு, ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2 என்று சராசரி எடுப்பார்கள். பல பீடங்களில் முதலாம் வகுப்புச் சித்திக்கு 3.70 வேண்டும். முதல் செமஸ்டரில் தவறவிட்டால் அந்தச் சராசரியை மேலே இழுக்கப் பின்னால் படாத பாடு படவேண்டும். சிறப்புப் பட்டத்துக்கு ஆள் எடுப்பதும் பல இடங்களில் ஆரம்ப வருடப் பெறுபேற்றைப் பார்த்துத்தான்.

7. குப்பி, நூலகம், பழைய வினாத்தாள்

குப்பி என்று கெம்பஸில் ஒரு சொல் கேள்விப்படுவீர்கள். விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துப் பாடம் சொல்வதுதான் குப்பி. சீனியரும் எடுப்பார்கள், பெச்சிலேயே ஒருவர் எடுப்பதும் உண்டு. லயத்தில் கரண்ட் வராத காலத்தில் நம் அக்காமார் படித்த குப்பி விளக்குதான் இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வரும். எந்தக் குப்பியையும் விடாதீர்கள். சிங்களத்தில் நடந்தாலும் போய் உட்காருங்கள். கணக்கைப் பலகையில் போடும்போது மொழி பாதிதான் தேவைப்படும். ஒன்று மட்டும் கவனம்: லெக்சருக்குப் போகாமல் குப்பியை மட்டும் நம்புவது வேண்டாம். குப்பியில் பரீட்சைக்கு வருவதைச் சொல்வார்கள். அது ஏன் அப்படி என்பதை லெக்சரில்தான் கேட்கலாம்.

பழைய வினாத்தாள்களை செமஸ்டர் தொடக்கத்திலேயே தேடி வாசியுங்கள். விடை தெரிய வேண்டியதில்லை. எப்படிக் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் லெக்சரில் எதைக் கவனிக்க வேண்டும் என்று புரியும். நூலகத்தில் முதல் வாரமே உறுப்பினராகி, அங்கே இருப்பவரிடம் 'இந்தப் பாடத்துக்கான புத்தகம் எந்த இறாக்கையில் இருக்கும்' என்று ஒரு தடவையாவது கேளுங்கள். ஒரே தலைப்புக்கு மூன்று புத்தகம் எடுத்து, அதில் ஆகச் சுலபமான ஆங்கிலத்தில் இருப்பதை முதலில் வாசியுங்கள்.

8. லெக்சரரிடம் எப்படிக் கேட்பது

'சேர், எனக்கு இந்தப் பாடம் விளங்கவில்லை' என்று போய் நிற்காதீர்கள். அவருக்கு எங்கே இருந்து தொடங்குவது என்று தெரியாது, நீங்களும் இரண்டு நிமிடத்தில் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவீர்கள். கொப்பியோடு போங்கள். விளங்காத வரியை விரலால் காட்டி, 'சேர், இதுவரை எனக்கு விளங்குகிறது. இந்த வரியில் இருந்து அடுத்த வரி எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை' என்று கேளுங்கள். அதை ஆங்கிலத்தில் சொல்லப் பயமாக இருந்தால் முதல் நாளே தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டு போங்கள். தாளைப் பார்த்து வாசித்தாலும் பரவாயில்லை. நான் முதல் தடவை கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, அரை மணி நேரம் விளங்கப்படுத்தினார். அன்று வெளியே வரும்போது எனக்கு இருந்த ஒரே கவலை, ஏன் இதை எட்டு மாதத்துக்கு முதல் செய்யவில்லை என்பதுதான்.

ஈமெயில் எழுதினால் உங்கள் பெயர், பதிவு இலக்கம், பாடத்தின் குறியீடு மூன்றையும் போடுங்கள். நாலு வரிக்கு மேல் வேண்டாம். மூன்று நாளில் பதில் வராவிட்டால் அவருடைய அறைக்கு நேரில் போங்கள்.

சிங்கள, முஸ்லிம் நண்பர்களிடமும் இப்படியே. நமக்குப் பெரும்பாலும் கொஞ்சம் சிங்களம் பேசத் தெரியும், அது பெரிய பலம். நம் நாலு பேரோடு மட்டும் கன்டீனில் உட்கார்ந்திருந்தால் நோட்ஸும் வராது, செய்தியும் வராது. செயன்முறைக் குழு பிரிக்கும்போது மற்றவர்களோடு சேருங்கள்.

9. காசு

மஹாபொல 1981 இல் இருந்து ஓடும் திட்டம். திறமைக்கும் வறுமைக்கும் இரண்டுக்கும் கொடுக்கிறார்கள். அது கிடைக்காதவர்களில் வருமானம் குறைந்தவர்களுக்குப் பர்சரி இருக்கிறது. இரண்டில் எது கிடைத்தாலும் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் முதல் நாலு மாதச் செலவை வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள். அவசரத்தில் அம்மாவின் தோடு அடகுக்குப் போவது பெரும்பாலும் இந்த நாலு மாதத்தில்தான். ஊரில் படித்து வேலைக்குப் போனவர்கள் இருந்தால் அவர்களிடம் கடனாகவாவது கேளுங்கள், வட்டிக்காரரைவிட அது மேல்.

ஓ.எல். பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிச் சம்பாதிக்கலாம். வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு இரண்டும் டியூஷன் என்று போனவர்கள் மூன்றாம் வருடத்தில் ரிப்பீட் எழுதுவதைக் கண்டிருக்கிறேன்.

10. வீடு

ஹட்டனில் இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகக் கண்டி போகும் பஸ்ஸும், நுவரெலியாவில் இருந்து றம்பொடை, புசல்லாவை வழியாக வரும் பஸ்ஸும் பேராதனையைத் தாண்டித்தான் போகின்றன. அதனால் அங்கே படிக்கிறவர்களுக்கு வெள்ளிக்கிழமை வந்தால் கால் தானாக பஸ் ஹோல்டுக்குப் போகும். முதல் செமஸ்டரில் மாதத்துக்கு ஒரு தடவை போதும் என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் வருவதில் ஒரு நாள் பஸ்ஸில் போகிறது, இன்னொரு நாள் களைப்பில் போகிறது. ஒவ்வொரு வாரமும் போனால் ஞாயிறு இரவுத் திட்டம் போடவே முடியாது. யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுக்கு ஏக்கம்தான் அதிகம். முதல் ஆறு வாரம் அழுகை வரும். அது குறையும்.

வீட்டில் நமக்குக் கெம்பஸைப் பற்றிச் சொல்லித் தர ஆள் இல்லை. அதனால் நாம்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். என் அப்பா ஒவ்வொரு ஞாயிறும் போனில் ஒரே கேள்வி கேட்பார்: "சோதனை முடிஞ்சிருச்சா?" அவருக்குச் சோதனை என்றால் ஏ.எல். மாதிரி ஒரு தடவை வந்து போவது. எனக்கோ ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்று இருந்தது. மூன்று மாதம் எரிச்சலோடு 'இல்ல' என்று மட்டும் சொன்னேன். பிறகு ஒரு விடுமுறையில் கலண்டரை எடுத்து, பரீட்சை வரும் வாரங்களைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்த வாரங்களில் போனே வராது. வட்டம் முடிந்த மறுநாள் காலையில் வரும். நீங்கள் போன முதல் மாதத்திலேயே அந்தக் கலண்டரைச் செய்துவிடுங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டில் பயம் அதிகம் இருக்கும். ஹொஸ்டல் வார்டனின் பெயரையும், அறைத் தோழி ஒருவரின் போன் நம்பரையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

11. பெறுபேறு வந்த பிறகு

முதல் செமஸ்டரில் ஒரு பாடம் விழுந்தால் ஒளிக்காதீர்கள். ஏ.எல்.லில் தோட்டத்துக்கே பெயர் எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கு முதல் தடவையாகத் தோல்வி வரும்போது அதை யாரிடமும் சொல்ல வாய் வராது. ரிப்பீட் எழுதலாம். பல பீடங்களில் ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் போடமாட்டார்கள், அதனால் அடுத்த பாடங்களில் ஏற்ற வேண்டியிருக்கும். அவ்வளவுதான் விஷயம். பெறுபேற்றுத் தாளை எடுத்துக்கொண்டு மாணவர் ஆலோசகரிடம் போங்கள். நித்திரை வராமல், சாப்பிட முடியாமல், எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கெம்பஸ் மருத்துவ நிலையத்துக்குப் போய் அதையே சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தில் பேச ஆள் இருக்கிறார்கள்.

முதல் விடுமுறைக்கு வரும்போது உங்கள் பாடசாலைக்கு ஒரு தடவை போய், ஏ.எல். வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காருங்கள். பேச்செல்லாம் வேண்டாம். மூன்று நிரல் கொப்பியை மேசையில் வைத்து, வேண்டிய பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கத் தயங்கும் பிள்ளைகளுக்கு உங்கள் நம்பரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வாருங்கள்.

மஸ்கெலியாத் தங்கச்சி இப்போது ஒரு கொப்பி போட்டிருக்கிறார். இரண்டு மாதத்தில் 400 சொல் தாண்டிவிட்டதாம். போன ஞாயிறு எடுத்தபோது, கேட்க வேண்டியதை எல்லாம் இலக்கமிட்டு எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். பதினொரு கேள்வி. ஏழுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. மீதி நாலையும் கேட்க, அதே பீடத்தில் படிக்கும் ஓர் அக்காவின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.